கட்டிலைத் திருப்பிப் போட்டா லூசிட் ட்ரீம் வருமா? திசையும் படுக்குற வாகும் கனவுல என்ன செய்யும்

கிழக்க தலை வச்சா லூசிட் ட்ரீம், அதாவது கனான்னு தெரிஞ்சே காணுற கனா, வரும், வடக்க வச்சா வராது, மல்லாக்கப் படுத்தா மூணே நாள்ல வரும்னு தமிழ்ல ஏகப்பட்ட வீடியோ சுத்திக்கிட்டு இருக்கு. ஒருத்தர் காந்தப்புலம்ங்கிறாரு, இன்னொருத்தர் வாஸ்துங்கிறாரு, மூணாவது ஆளு திபெத் யோகாங்கிறாரு. பார்க்குறவங்களுக்கு குழப்பம்தான் மிச்சம், ஏன்னா நம்ம ஊர்ல படுக்குற திசைங்கிறது ஏற்கனவே வீட்டுக்கு வீடு இருக்குற விசயம், மதுரைப் பக்கம் எந்த அப்பத்தா முன்னாடியும் வடக்க தலைய வச்சுப் படுத்தா "ஏப்பா எந்திரி, தெக்க திரும்பிப் படு"ன்னு உடனே சத்தம் வரும்.

இதுல ரெண்டு தனித்தனி கேள்வி கலந்து கிடக்கு. ஒண்ணு திசை, அதாவது தலை எந்தப் பக்கம் இருக்குங்கிறது. இன்னொண்ணு வாகு, அதாவது மல்லாக்கவா, ஒருக்களிச்சா, குப்புறவாங்கிறது. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டுறதாலதான் பாதி குழப்பமே. பிரிச்சுப் பார்த்தா ஒண்ணுல பெருசா ஒண்ணும் இல்ல, இன்னொண்ணுல கொஞ்சம் விசயம் இருக்கு, ஆனா அந்தக் கொஞ்சமும் ராத்திரி பத்து மணிக்கு இல்ல, வெள்ளன நாலு மணிக்கு மேலதான். அது ஏன்னு புரிய முதல்ல லூசிட் ட்ரீம்னா என்னன்னு பார்த்துருவோம்.

கனான்னு தெரிஞ்சே காணுற கனா

கனா கண்டுக்கிட்டு இருக்கும்போதே "இது கனா"ன்னு நமக்குத் தெரிஞ்சுபோறதுதான் லூசிட் ட்ரீம். வரையறை அம்புட்டுத்தான். கனவ இஷ்டத்துக்கு ஆட்டி வைக்கணும்னு அவசியம் இல்ல, பறக்கணும்னு அவசியம் இல்ல. நீங்க ஏவி பாலத்து மேல நடக்குறீங்க, கீழ வைகை ரெண்டு கரையும் முட்டத் தண்ணி போகுது, பாலம் முடிஞ்சதும் கோரிப்பாளையம் வராம நீங்க படிச்ச ஸ்கூல் வருது. சாதாரணக் கனவுல இது நமக்கு உறுத்தவே உறுத்தாது. "இது எப்படி இங்க வந்துச்சு, அப்ப இது கனாதான்"னு எந்த நிமிசம் தோணுதோ அந்த நிமிசத்துல இருந்து அது லூசிட். தோணின பிறகும் கனா அது பாட்டுக்கு ஓடலாம், நீங்க பார்த்துக்கிட்டே நிக்கலாம்.

இந்தப் பேரை 1913ல எழுதி நிலைக்க வச்சது ஃப்ரெடரிக் வான் ஈடன்ங்கிற டச்சு மனநல மருத்துவர். ஆனா ரொம்ப நாளைக்கு விஞ்ஞானிங்க இதை நம்பல. தூங்குறவன் எப்படி முழிச்ச புத்தியோட இருக்க முடியும், நடுவுல கொஞ்சம் முழிச்சிருப்பான்னு தள்ளி விட்டாங்க. அதை மாத்தினது ஒரு எளிமையான யோசனை. கனாக் காணுற நேரத்துல கை, கால், உடம்பு பூராம் மரத்துப்போன மாதிரி செயலில்லாம இருக்கும், ஆனா கண்ணு மட்டும் அசையும். அப்ப கண்ணாலயே சைகை காட்டச் சொன்னா என்ன? 1975ல இங்கிலாந்துல ஹல் பல்கலைக்கழகத்துல கீத் ஹெர்ன் இதைச் செஞ்சு காட்டினாரு, ஆலன் வோர்ஸ்லிங்கிறவர் தூங்கிக்கிட்டே, முன்கூட்டி பேசி வச்ச மாதிரி கண்ண இடமும் வலமுமா அசைச்சு "நான் கனவுக்குள்ள இருக்கேன், எனக்குத் தெரியுது"ன்னு சைகை கொடுத்தாரு. கொஞ்ச வருசத்துல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட்ல ஸ்டீபன் லபர்ஜும் தனியா இதையே நிரூபிச்சாரு. 2021ல அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து நாலு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து இன்னும் ஒரு படி போயி, கனவுக்குள்ள இருக்குற ஆள்கிட்ட 8ல 6 போனா எத்தனைன்னு வெளிய இருந்து கேட்டு, கண் அசைவுலயே 2ன்னு பதில் வாங்கினாங்க. இது எவ்வளவு பெரிய விசயம்னு ஒரு நிமிசம் யோசிச்சுப் பாருங்க, தூங்குற ஆள்கிட்ட கேள்வி கேட்டு பதில் வாங்கியிருக்காங்க.

ஆக லூசிட் ட்ரீம் நிஜம். அபூர்வமும் இல்ல. 50 வருசமா வந்த ஆய்வுகளை 2016ல ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தப்ப, 100 பேர்ல சுமார் 55 பேருக்கு வாழ்க்கையில ஒரு தடவையாவது வந்திருக்கு, 23 பேருக்கு மாசம் ஒரு தடவை இல்லாட்டி அதுக்கு மேல வருதுன்னு தெரிஞ்சுது. இந்த 23ங்கிற எண்ணை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

ராத்திரியில எந்த நேரத்துல வருது

தூக்கம் ஒரே சீரா போறது இல்ல. சுமார் 90 நிமிசத்துக்கு ஒரு சுத்துன்னு ராத்திரிக்கு நாலஞ்சு சுத்து வரும். ஒவ்வொரு சுத்தோட கடைசியிலயும் ரெம் தூக்கம்னு ஒரு கட்டம், மூடின இமைக்குள்ள கண்ணு வேகமா ஓடுற கட்டம், 1953ல சிகாகோவுல கண்டுபிடிச்சது. துல்லியமான, கதை மாதிரி நீளமான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்துலதான். முதல் சுத்துல ரெம் சில நிமிசம்தான் இருக்கும், போகப் போக நீண்டு, விடியக்காலையில அரை மணி நேரம் வரைக்கும் கூடப் போகும். பத்தரைக்குப் படுத்து ஆறரைக்கு எந்திரிக்கிறவருக்கு நாலரையில இருந்து ஆறரை வரைக்கும்தான் கனவோட செழிப்பான நேரம்.

லூசிட் ட்ரீமும் அந்த நேரத்துலதான் அதிகம். ஏன்னா அப்ப ரெம் நீளமா இருக்கு, தூக்கமும் மெலிசா இருக்கு, நடுநடுவுல லேசா முழிப்பு தட்டும். முழிப்புக்கும் கனவுக்கும் நடுவுல உள்ள சுவர் மெலிஞ்சு இருக்குற நேரம் அது. இனிமே திசையைப் பத்தியோ வாகைப் பத்தியோ யாரு என்ன சொன்னாலும் இந்த ஒரு கேள்வியக் கேட்டுக்கணும்: விடியக்கால ரெம்முக்கு இது என்ன செய்யுது?

திசை: சொலவடை சொல்றதும் காந்தம் சொல்றதும்

"உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்கு"ன்னு ஒரு சொலவடை நம்மகிட்ட இருக்கு. வடக்குன்னா சாவுங்கிற எண்ணம் ரொம்பப் பழசு. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உசுர விட்டப்ப, பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரு தேடிப் போயி அவரோட சேர்ந்து வடக்கிருந்தாருன்னு நாம படிச்சிருக்கோம். வடக்க தலை வச்சுப் படுத்திருந்த யானையோட தலையத்தான் வெட்டிப் பிள்ளையாருக்கு வச்சாங்கன்னும் கதை இருக்கு. ஆனா அதே மரபுக்குள்ள ஸ்ரீரங்கத்துல பெருமாள் மேற்க தலையும் கிழக்க காலுமா தெக்கப் பார்த்துப் படுத்திருக்காரு. அதனால இதை அர்த்தம் சார்ந்த மரபாத்தான் நான் பார்க்குறேன், உடம்பு இயங்குறதுக்கான விதியா இல்ல. மரபுல எந்தத் திசையும் கனவுல தெளிவு வர்றதுக்குன்னு சொல்லப்படலங்கிறதையும் கவனிக்கணும், அதை வீடியோக்காரங்க பின்னாடி ஒட்டினது.

காந்தக் கணக்குக்கு வருவோம். "ரத்தத்துல இரும்பு இருக்கு, பூமி காந்தம் இழுக்குது, வடக்க தலை வச்சா ரத்தம் மூளைக்கு ஏறுது"ங்கிறதுதான் சொல்லப்படுற வாதம். இதை ஒவ்வொரு கண்ணியாப் பார்ப்போம்.

1. உடம்புல இரும்பு இருக்கு, உண்மைதான். வளர்ந்த ஆளுக்கு மொத்தமே 3, 4 கிராம், அதுல பெரும்பகுதி ஹீமோகுளோபின்ல. ஆனா அது ஆணியில இருக்குற இரும்பு மாதிரி இல்ல. ஆக்சிஜன் ஏறின ரத்தம் காந்தத்தை ரொம்ப லேசா விலக்கும், ஆக்சிஜன் இறங்கின ரத்தம் ரொம்ப லேசா ஈர்க்கப்படும். 1936லயே லைனஸ் பாலிங்கும் கோரியெலும் இதைக் கண்டுபிடிச்சுட்டாங்க.

2. மதுரை அட்சரேகையில பூமியோட காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா (டெஸ்லாங்கிறது காந்தப்புலத்தை அளக்குற அலகு, மைக்ரோன்னா அதுல பத்து லட்சத்துல ஒரு பங்கு). ஸ்கேன் சென்டர்ல இருக்குற எம்ஆர்ஐ மெசின் சாதாரணமா 1.5 டெஸ்லா, அதாவது 37,000 மடங்குக்கும் மேல. அதுக்குள்ள அரை மணி நேரம் படுத்துட்டு வர்ற ஆளுக்கு ரத்தம் தலைக்கும் ஏறல, காலுக்கும் இறங்கல.

3. ஒரு காந்தப்புலம் எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருந்தா அது எதையும் ஒரு பக்கமா இழுக்காது, திசைகாட்டி முள்ளு மாதிரி திருப்ப மட்டும்தான் செய்யும். அஞ்சரை அடி ஆளோட தலையிலயும் காலுலயும் பூமியோட புலம் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால இழுக்குதுங்கிற பேச்சே அடிப்படையில நிக்காது.

அதுக்காக மனுச மூளைக்கு பூமியோட காந்தம் உறைக்கவே உறைக்காதுன்னும் அடிச்சுச் சொல்லக் கூடாது. 2019ல அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துல ஜோசப் கிர்ஷ்விங்க் குழு, பூமி அளவு காந்தப்புலத்த இருட்டு அறையில திருப்பித் திருப்பிப் போட்டப்ப சிலரோட மூளை அலையில, ஆல்ஃபாங்கிற அலையில, ஒரு சரிவு தெரிஞ்சுதுன்னு வெளியிட்டாங்க. ஆனா அவங்க எல்லாரும் முழிச்சு உக்காந்திருந்தவங்க, அந்த மாற்றம் அவங்களுக்கே தெரியல.

தூக்கத்தோட நேரடியா சம்பந்தப்பட்ட ஒண்ணு 1987ல ஜெர்மனியில நடந்துச்சு. வடக்கு தெற்கா படுத்ததை விட கிழக்கு மேற்கா படுத்தப்ப முதல் ரெம் கொஞ்சம் சீக்கிரமா ஆரம்பிச்சுதுன்னு சொன்னாங்க. திசை வீடியோக்காரங்க பிடிச்சுக்கிற கயிறு இதுதான். ஆனா முதல் ரெம்ங்கிறது ராத்திரி பன்னெண்டு மணி வாக்குல வந்துட்டுப் போற சில நிமிசச் சமாச்சாரம், லூசிட் ட்ரீம் வர்றது விடியக்காலைக் கடைசி ரெம்ல, முன்னது பத்து நிமிசம் முந்தி வந்தா பின்னதுல தெளிவு கூடும்னு எந்த வழியில சொல்ல முடியும்? இன்னொண்ணும் இருக்கு. ஜெர்மனியில காந்தப்புலம் தரையைக் குத்துற மாதிரி செங்குத்தாச் சாய்ஞ்சு இறங்குது, காந்த நடுக்கோடு நம்ம தமிழ்நாட்டுத் தென்கோடிய ஒட்டிப் போறதால மதுரையில அது கிட்டத்தட்ட தரைக்குச் சமமாப் படுத்துக் கிடக்கு. அங்க கிடைச்ச விடைய இங்க அப்படியே கொண்டாந்து ஒட்ட முடியாது.

அப்ப திசைக்கு வேலையே இல்லையா

இருக்கு, ஆனா காந்தம் வழியா இல்ல. திசையோட சேர்ந்து வர்ற வெயிலு, வெளிச்சம், சத்தம் வழியா. இதைத்தான் யாரும் பேச மாட்டேங்கிறாங்க, எனக்கு இதுதான் முக்கியமாப் படுது.

மேற்குச் சுவத்த எடுத்துக்கங்க. சித்திரை, வைகாசியில மத்தியானம் ரெண்டு மணியில இருந்து பொழுது சாயுற வரைக்கும் அந்தச் சுவரு வெயில வாங்கிக்கிட்டே இருக்கும், வாங்கின சூட்டை ராத்திரிதான் வீட்டுக்குள்ள விடும், மேல காங்கிரீட் மொட்டை மாடின்னா அதுவும் சேர்ந்து இறக்கும். அந்தச் சுவத்த ஒட்டித் தலைய வச்சுப் படுத்தவருக்கு நடுராத்திரி தாண்டியும் தலைமாடு கொதிக்கும். இதுல ரெம்முக்கு என்ன வேலைன்னா, ரெம் கட்டத்துல உடம்பு தன் சூட்டைச் சரி பண்ணிக்கிற வேலைய ரொம்பக் குறைச்சிரும், வேர்க்குறதும் குறையும், நடுங்குறதும் குறையும். அதனால ரூம் ரொம்பச் சூடா இருந்தா ரெம்தான் முதல்ல அடிபடும், கலைஞ்சு முழிப்பு வந்துரும். கனவு காணுற நேரமே குறைஞ்சா லூசிட் எங்கிட்டு இருந்து வரும். ஆக கத்திரி வெயில்ல மேற்க தலை வச்சுப் படுத்தவருக்கு "மேற்கு ஒத்து வரல"ன்னு தோணுறது நியாயமான அனுபவம்தான், காரணம் சுவரு.

கிழக்கு ஜன்னல் இதுக்கு நேர் எதிர். மதுரையில வருசம் பூராம் சூரியன் ஏறக்குறைய 6 மணியில இருந்து 6.40க்குள்ள உதிக்குது, அதுக்கு இருவது நிமிசம் முன்னாடியே வெளிச்சம் வந்துரும். முகத்துல வெளிச்சம் படுற மாதிரி படுத்தவருக்கு கடைசி ரெம் நடக்கும்போது லேசா முழிப்பு தட்டும், திரும்பத் தூங்குவாரு, மறுபடி தட்டும். இது சிலருக்குக் கனவைக் கெடுக்கும், சிலருக்கு தெளிவைக் கொடுக்கும், ரெண்டுமே நடக்கும். அலாரத்துல ஸ்னூஸ் பட்டனை அமுக்கி அமுக்கித் தூங்குறவங்களுக்கு லூசிட் ட்ரீம் கூடுதலா வருதுன்னு 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுவும் இதே கதைதான், துண்டு துண்டான விடியக்காலத் தூக்கம். மார்கழி மாசம் அஞ்சு மணிக்கு கோயில் ஸ்பீக்கர் கட்டினதும் பாதி முழிச்சு பாதி தூங்குற நேரத்துல கனா ரொம்பத் தெளிவா வருதுன்னு சொல்றவங்க நிறைய, அதுக்கும் இந்த விளக்கம் பொருந்தும்.

பயமும் ஒரு வழிதான். வடக்க தலை வச்சா ஆகாதுன்னு சின்னதுல இருந்து கேட்டு வளர்ந்த ஒருத்தர் சோதிச்சுப் பார்க்கணும்னு வடக்க படுத்தா, உள்ளுக்குள்ள ஒரு உறுத்தலோடதான் படுப்பாரு, ராத்திரி அடிக்கடி முழிப்பாரு, முழிக்க முழிக்க கனா ஞாபகத்துல நிக்கும். மறுநாள் "வடக்க படுத்தா பயங்கரமா கனா வருது"ம்பாரு. அவர் சொல்றது பொய் இல்ல.

படுக்குற வாகு: இங்கதான் கொஞ்சம் விசயம் இருக்கு

மல்லாக்க. இதுக்குத்தான் ஓரளவு உறுதியான ஆதாரம் இருக்கு, ஆனா அது லூசிட் ட்ரீமுக்கு இல்ல, அதோட பக்கத்து வீட்டுக்காரனுக்கு. நம்ம ஊர்ல அமுக்குவான் பேய்னு சொல்றோமே, முழிப்பு வந்துரும், கண்ணு தெரியும், கை கால் அசையாது, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கும், கத்தினா சத்தம் வராது. புளியமரத்தடியில படுத்ததாலன்னு சொல்லுவாங்க, தலகாணிக்கு அடியில இரும்போ விளக்கமாறோ வைப்பாங்க. இது தூக்க முடக்கம். ரெம் கட்டத்துல உடம்பு செயலில்லாம இருக்கும்னு மேல சொன்னேன்ல, அந்தப் பூட்டு திறக்குறதுக்கு முன்னாடியே புத்தி முழிச்சுக்கிறதுதான் காரணம். 2002ல கனடாவுல ஆலன் செய்ன் இதை ஆராய்ஞ்சப்ப, இது மத்த எல்லா வாகையும் சேர்த்து வர்றதை விட மல்லாக்கப் படுத்திருக்கும்போது அதிகமா வருதுன்னு தெரிஞ்சுது.

மல்லாக்கப் படுத்தா நாக்கும் தொண்டைச் சதையும் பின்னாடி சரியும், மூச்சுப் பாதை சுருங்கும், கொறட்டை கூடும், ரெம்ல சதை தளர்ந்து இருக்கும்போது இன்னும் கூடும். மூச்சு தடைபடுற ஒவ்வொரு தடவையும் மூளை ஒரு நொடி முழிச்சுப் பார்க்கும். அந்த நொடி முழிப்பு கனவுக்கு நடுவுல விழுந்தா அமுக்குவானோ லூசிட்டோ வரலாம். ரெண்டும் ஒரே இடத்துல இருந்து பிரியுற ரெண்டு பாதை, அதனாலதான் தூக்க முடக்கம் வர்றவங்களுக்கு லூசிட் ட்ரீமும் கூடுதலா வருதுன்னு 2017ல ஆய்வாளர்கள் கண்டாங்க. மல்லாக்கப் படுங்கன்னு வீடியோவுல சொல்றவங்க இந்தப் பாதி உண்மையப் பிடிச்சுட்டாங்க, மீதிப் பாதியச் சொல்றது இல்ல: அதே வாகு பயந்து அலறுற அனுபவத்தையும் கூட்டுது, கொறட்டை விட்டு மூச்சு நிக்கிற ஆளுங்களுக்கு உடம்பையும் கெடுக்குது.

ஒருக்களிச்சு. வலது பக்கமா, கன்னத்துல கைய வச்சு, சிங்கம் தூங்குற மாதிரி படுக்குறது திபெத் பௌத்தத்துல கனவு யோகத்துக்குச் சொல்ற வாகு, புத்தர் பரிநிர்வாணக் கோலமும் அதுதான். அந்த மரபுல வாகு ஒரு சின்னப் பகுதிதான், மீதி பூராம் பகல் முழுக்க "இதுவும் கனவு மாதிரிதான்"னு கவனத்தைப் பழக்குறது. பயிற்சிய விட்டுட்டு படுக்குற வாகை மட்டும் எடுத்துட்டு வந்தா பலன் எப்படி வரும்? இடமா வலமாங்கிறதுல 2004ல துருக்கியில 63 பேர்கிட்ட கேட்ட ஒரு ஆய்வு, இடது பக்கம் படுக்குறவங்களுக்கு கெட்ட கனா கூடுதல், வலது பக்கத்துக்காரங்களுக்குக் குறைவுன்னு சொல்லுச்சு. 63 பேருங்கிறது ரொம்பக் கம்மி.

குப்புற. ஹாங்காங்ல 2012ல 670 மாணவர்கள்கிட்ட கேட்டப்ப, குப்புறப் படுக்குறவங்களுக்கு மூச்சு முட்டுற மாதிரி, கட்டிப் போட்ட மாதிரி, அப்புறம் காமம் சார்ந்த கனவுகள் கூடுதல்னு தெரிஞ்சுது. நெஞ்சும் வயிறும் அழுந்துறது கனவுக்குள்ள கதையா மாறுதுன்னு புரிஞ்சுக்கலாம். கனவோட சரக்கு மாறுது, "இது கனா"ங்கிற தெளிவு மாறினதா அதுக்கு அர்த்தம் இல்ல.

இந்த ஆய்வுகள் எல்லாத்துலயும் ஒரு ஓட்டை. "நீங்க எப்படிப் படுப்பீங்க"ன்னு கேட்டுத்தான் எழுதுறாங்க. ராத்திரி பூராம் ஒரே வாகுல யாரும் கிடக்குறது இல்ல. 2017ல உடம்புல கருவி கட்டி 664 பேரை அளந்தப்ப, படுத்திருந்த நேரத்துல சுமார் 54 சதவீதம் ஒருக்களிச்சும், 37 சதவீதம் மல்லாக்கவும், 7 சதவீதம் குப்புறவும் இருந்தாங்க, மணிக்கு ஒண்ணு ரெண்டு தடவை வாகு மாறிக்கிட்டே இருந்துச்சு. பத்தரைக்கு சிங்கம் மாதிரி படுத்தவரு அஞ்சு மணி ரெம்ல எப்படிக் கிடந்தாருன்னு அவருக்கே தெரியாது. ஆனா நாலு மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு, திரும்பப் படுத்து, உடனே ரெம்முக்குள்ள போறவருக்கு கதை வேற. அவர் படுத்த வாகும் கனாக் காணுற வாகும் ஒண்ணா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. வாகுக்குன்னு ஏதாவது பலன் இருந்தா அது அந்த ரெண்டாவது தூக்கத்துலதான் வேலை செய்ய முடியும். வாகை நம்புறவங்க சாயங்காலமே அதைப் பத்திக் கவலைப்பட வேண்டியது இல்ல, தூக்கம் வர்ற வாகுல நிம்மதியாத் தூங்கலாம்.

பிறகு ஏன் கட்டிலைத் திருப்பினதும் சிலருக்கு வருது

வருதுன்னு சொல்றவங்க பொய் சொல்லல. காரணங்கள் இதுக:

1. புது இடம். பழக்கமில்லாத இடத்துல முதல் ராத்திரி படுத்தா மூளையோட ஒரு பாதி கொஞ்சம் காவல் காத்துக்கிட்டே தூங்குதுன்னு 2016ல அமெரிக்காவுல பிரவுன் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. கட்டிலைத் திருப்பிப் போட்டா ஜன்னல் வேற பக்கம், ஃபேன் காத்து வேற பக்கம், சுவரு வேற பக்கம். ஓரளவு அதே காவல் இங்கயும் வந்துருது. நாலஞ்சு நாள்ல பழகினதும் போயிரும், "முதல் வாரம் வேலை செஞ்சுச்சு, அப்புறம் நின்னுபோச்சு"ன்னு பல பேர் சொல்றது இதனாலதான்.

2. எண்ணம். இன்னிக்கு ராத்திரி கனவுல முழிச்சுக்கணும்னு நினைச்சுக்கிட்டே நாலு பேரா கட்டிலைத் தூக்கித் திருப்புறீங்க, படுக்கும்போதும் அதே நினைப்பு. அந்த நினைப்புதான் லூசிட் ட்ரீமுக்கான முக்கியமான பயிற்சியே, திசை அதுக்கு ஒரு ஞாபகக் கயிறு.

3. கணக்கு. மாசம் ஒரு தடவை லூசிட் வர்ற ஆளு, 100 பேர்ல 23 பேர் அந்த அளவு இல்லாட்டி அதுக்கு மேலன்னு சொன்னேன்ல, அவர் ஒரு வாரம் திசை மாத்திப் படுத்தா, திசை ஒண்ணுமே செய்யாட்டியும் அந்த வாரத்துல ஒண்ணாவது வர்றதுக்கு 21 சதவீத வாய்ப்பு இருக்கு. அஞ்சு பேர்ல ஒருத்தர். அந்த ஒருத்தர்தான் வீடியோ போடுவாரு, மத்த நாலு பேர் பேசாம கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிருவாங்க.

நிஜமாவே அளந்து பார்த்த வழி

லபர்ஜ் உருவாக்குன முறைக்கு மைல்டுன்னு பேரு. அஞ்சு மணி நேரம் தூங்கின பிறகு அலாரம் வச்சு எந்திரிச்சு, அப்ப கண்ட கனவ ஞாபகப்படுத்தி, "அடுத்த தடவ கனா காணும்போது இது கனான்னு எனக்கு ஞாபகம் வரணும்"னு மனசுக்குள்ள சொல்லி, அந்தக் கனவுக்குள்ளயே நாம தெளிஞ்ச மாதிரி கற்பனை பண்ணிக்கிட்டு திரும்பத் தூங்குறது. வெறும் மந்திரமாச் சொல்றதுல பலன் இல்ல, கறிவேப்பிலை வாங்கிட்டு வரணும்னு மனசுல முடிச்சுப் போட்டுக்கிறோமே அந்த மாதிரி உண்மையா நினைக்கணும். பகல்ல "இது கனாவா"ன்னு சோதிக்கிற பழக்கமும் சேரணும், மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு மூச்சு இழுத்துப் பார்க்குறது நல்ல சோதனை, கனவுல மூக்கை அடைச்சாலும் மூச்சு வரும்.

ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல டென்ஹோம் ஆஸ்பி 2017ல வெளியிட்ட ஆய்வுல இதெல்லாம் சேர்த்துச் செஞ்சவங்களுக்கு சுமார் 17 சதவீத ராத்திரியில லூசிட் வந்துச்சு, பயிற்சி முடிச்சு அஞ்சு நிமிசத்துக்குள்ள தூங்கிப்போனவங்களுக்கு சுமார் 46 சதவீதம். சீக்கிரம் தூங்கிப்போறதுதான் இங்க பெரிய விசயம், அதனால அந்த நேரத்துல உங்களுக்கு எந்த வாகுல டக்குன்னு தூக்கம் வருமோ அந்த வாகுதான் உங்களுக்கான வாகு. ஒருக்களிச்சாத்தான் தூக்கம் வர்ற ஆளு வீடியோ பார்த்துட்டு மல்லாக்கக் கிடந்து அரை மணி நேரம் முழிச்சிருந்தா கிடைக்க வேண்டியதும் போயிரும்.

மாத்திரைப் பேச்சும் அடிபடுது. காலன்டமைன்ங்கிற மறதி நோய் மருந்தை வச்சு 2018ல வந்த ஆய்வுல 8 மில்லிகிராம் போட்டவங்கள்ல 42 சதவீதம் பேருக்கும், மருந்து இல்லாத வெறும் மாத்திரை போட்டப்ப 14 சதவீதம் பேருக்கும் லூசிட் வந்துச்சு. அது டாக்டர் சீட்டு வேண்டிய மருந்து, இதயத் துடிப்பைக் குறைக்கக் கூடியது, கனவுக்காகக் கடையில வாங்கிப் போடுறதுக்கு இல்ல.

வலிப்பு நோய் இருக்குறவங்க, எது நிஜம் எது பிரமைன்னு பிரிக்க முடியாத மன நோய்க்கு வைத்தியம் பார்க்குறவங்க நடுராத்திரி அலாரம் வச்சு எந்திரிக்கிற வேலையில இறங்க வேணாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்புற வியாபாரிக்கும், நைட் டியூட்டி பஸ் டிரைவருக்கும் ஏற்கனவே தூக்கம் பத்தாது, அவங்களுக்குக் கனவை விட முழுத் தூக்கம்தான் தேவை.

வீட்டுலயே சோதிக்கணும்னா

கட்டில் வேணாம், கோரைப்பாய் போதும், திருப்புறது சுலபம். சுவத்துச் சூடு குழப்பாம இருக்க ரூமோட நடுவுல விரிக்கணும். ரெண்டே ரெண்டு திசை எடுத்துக்கங்க, கிழக்கும் தெக்கும்னு வைங்க. தினம் படுக்குறதுக்கு முன்னாடி காசு சுண்டி அன்னிக்குத் திசைய முடிவு பண்ணணும், நமக்குத் தோணுற மாதிரி மாத்தினா நல்ல மூடு இருக்குற நாள் பூராம் கிழக்குக்கே போயிரும். தலைமாட்டுல நோட்டும் பேனாவும், முழிச்ச உடனே, போனைத் தொடுறதுக்கு முன்னாடி, திசை என்ன, முழிக்கும்போது எந்த வாகுல கிடந்தேன், கனவுல தெளிவு வந்துச்சா இல்லையான்னு மூணு வரி. மைல்டு பயிற்சிய எல்லா ராத்திரியும் ஒரே மாதிரி செய்யணும்.

ரெண்டு பக்கமும் 30, 30 ராத்திரி சேருற வரைக்கும் விடக் கூடாது. 17 சதவீதக் கணக்குல ஒவ்வொரு பக்கமும் அஞ்சு வாக்குல வரும். ஒரு பக்கம் 4, இன்னொரு பக்கம் 6ன்னு வந்தா அது சும்மா வர்ற ஏத்த இறக்கம், 2க்கு 10ன்னு வந்தா மட்டும் உக்காந்து யோசிக்கலாம், யோசிச்சு இன்னொரு 60 ராத்திரி செஞ்சு பார்க்கலாம். கரண்ட் போன ராத்திரி, காய்ச்சல் வந்த ராத்திரி, கெடா வெட்டுக்குப் போயிட்டு பன்னெண்டு மணிக்கு வந்து படுத்த ராத்திரி இதெல்லாம் கணக்குல சேராதுன்னு ஆரம்பிக்கிற அன்னிக்கே நோட்டோட முதல் பக்கத்துல எழுதிரணும், கனா வந்த பிறகு எது சேரும் எது சேராதுன்னு முடிவு பண்ண உக்காந்தா அதுக்கு மேல அந்த நோட்டுல இருக்குற எண்ணை வச்சு எதுவும் சொல்ல முடியாது.